ஒரு கர்ணம் வீட்டுப் பத்தாயமும் அதிலிருந்த வார இதழ்களும்: ஒரு நிகழ்வு ஆய்வு

பழைய தமிழ் வார, மாத இதழ்களைச் சேர்ப்பவர்களில் பெரும்பாலோர் இதழின் பெயரைக் கொண்டே சேர்க்கிறார்கள். விகடனில் இன்ன ஆண்டு இருக்கிறது, கல்கியில் இன்ன மாதம் இல்லை, இன்ன தீபாவளி மலரைத் தேடிப் பிடிக்க வேண்டும் என்று விட்டுப்போன வரிசையை நிரப்புவதே சேகரிப்பு என்றாகிவிட்டது. அந்த வேகத்தில், ஒரே வீட்டில் இரண்டு தலைமுறைக் காலம் ஒன்றாகக் கிடந்த இதழ்கள் பத்துப் பேர் கைக்குப் பிரிந்து போகின்றன. பிரிந்தபின் அவை எந்த வீட்டில், யாரால், எப்படிப் படிக்கப்பட்டன என்பதை மீட்க வழியில்லை. மாயவரம் (மயிலாடுதுறை) பக்கமுள்ள குத்தாலத்துக்கு அருகே ஒரு கிராமத்து வீட்டில் இருந்த சேகரம் அவ்வாறு பிரிந்துபோகும் நிலையில் இருந்தபோது, அதை இருந்தபடியே பட்டியலிட்டுப் பாதுகாத்த விவரமே இக்கட்டுரை. குடும்பத்தாரின் விருப்பப்படி ஊர்ப் பெயரும் அவர்கள் பெயரும் இங்கே தரப்படவில்லை.

வீடும் வாசகரும்

இதழ்களை வாங்கிச் சேர்த்தவர் அந்த ஊரின் கர்ணமாக இருந்தவர். கிராமக் கர்ணம் பதவி 1980-இல் ஒழிக்கப்படும் வரை நிலக்கணக்கு, தீர்வைக் கணக்கு, சாகுபடி அடங்கல் ஆகியவற்றை எழுதுவதே அவருடைய வேலையாக இருந்தது. கணக்கெழுதிய அந்தக் கையின் ஒழுங்கு அவருடைய இதழ்க் கட்டுகளிலும் தெரிகிறது என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இந்த ஆய்வில் கிடைத்த முடிவுகளில் பாதிக்கு மேல் அந்த ஒழுங்கினால் கிடைத்தவையே.

வீட்டில் இருந்தவை பெரும்பாலும் 1940-களின் நடுப்பகுதி தொடங்கி 1960-களின் முற்பகுதி வரையிலானவை. ஆனந்த விகடனும் கல்கியும் மிகுதி. கலைமகளும் அமுதசுரபியும் அவற்றுக்கு அடுத்தபடி. குமுதம் பிற்காலத்தில் வந்து சேர்ந்திருக்கிறது. பிள்ளைகளுக்காக வாங்கிய அம்புலிமாமாவும் கண்ணனும் தனிக்கட்டாக இருந்தன. இவற்றில் விகடன் 1926-இல் பூதூர் வைத்தியநாதையரால் தொடங்கப்பட்டு, 1928-இல் எஸ்.எஸ். வாசன் கைக்கு வந்தது. அங்கே ஆசிரியராக இருந்த ‘கல்கி’ ரா. கிருஷ்ணமூர்த்தி பின்னர் விலகி, டி. சதாசிவத்துடன் சேர்ந்து 1941 ஆகஸ்டில் கல்கி இதழைத் தொடங்கினார். அமுதசுரபி 1948-இல் வந்தது. அம்புலிமாமா 1947 ஜூலையில் வந்தது.

இவை எல்லாமே சென்னையில் அச்சாகி, மீட்டர் பாதை ரயிலில் மாயவரம், கும்பகோணம் வழியாக டெல்டா ஊர்களுக்கு வந்தவை. ஆனாலும் இந்தப் பகுதி வாசகருக்கு அவை வெளியூர்ச் சரக்காக இருந்திருக்க முடியாது என்றே நினைக்கிறேன். கல்கி பிறந்தது மாயவரத்துக்கு அருகேயுள்ள புத்தமங்கலத்தில். விகடனில் எழுதிக் குவித்த தேவன் திருவிடைமருதூர்க்காரர். பக்கத்துக்குப் பக்கம் கோட்டோவியமாகச் சிரிக்க வைத்த கோபுலு தஞ்சாவூரில் பிறந்து கும்பகோணம் ஓவியப் பள்ளியில் பயின்றவர். கதை நடக்கும் தெருவும், அதில் பேசுவோரின் பேச்சும், ஓவியத்தில் வரும் திண்ணையும் தூணும் வாசகருடைய வீட்டிலேயே இருந்தன.

கிடைத்தவை எந்த நிலையில் இருந்தன

சேகரத்தில் மூன்று வகை இருந்தது. கிழிக்காமல் வைத்த முழு இதழ்கள் முதல் வகை. தொடர்கதைப் பக்கங்களை மட்டும் வாரா வாரம் எடுத்துச் சேர்த்து, கதை முடிந்ததும் தைத்து அட்டை போட்ட பைண்டுகள் இரண்டாவது வகை. அந்தப் பக்கங்களை எடுத்தபின் எஞ்சிய, தாள் உருவிய இதழ்கள் மூன்றாவது வகை. இந்த மூன்றாவது வகைதான் எண்ணிக்கையில் மிகுதி. குடும்பத்தார் அதைக் குப்பை என்றே எண்ணியிருந்தார்கள். பார்க்க வந்த பழைய புத்தக வியாபாரி ஒருவர் பைண்டுகளையும் தீபாவளி மலர்களையும் நல்ல விலைக்குக் கேட்டுவிட்டு, தாள் உருவிய இதழ்களைப் பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போட்டுவிடும்படி சொல்லியிருக்கிறார். அவரைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. வாங்குவோர் கேட்பது அதுதான். சேகரிப்பாளர்களாகிய நாம் வகுத்த விலைதான் அவர் வாயில் வந்தது.

தொடர்கதையைக் கிழித்துப் பைண்டு செய்யும் வழக்கம் அந்தக் காலத்துத் தமிழ் வீடுகளில் மிகப் பரவலாக இருந்தது. தொடர் நூலாக வெளிவரும் வரை காத்திருக்க யாரும் தயாராக இல்லை. நூலாக வந்தாலும் எல்லாப் படங்களும் அதில் வருவதில்லை. 1950 அக்டோபர் 29 முதல் 1954 மே 16 வரை கல்கியில் வந்த ‘பொன்னியின் செல்வ’னை மணியத்தின் படங்களோடு வைத்துக்கொள்ள வேண்டுமென்றால், அந்தப் பக்கங்களை எடுத்துத் தைப்பதே வழி. வீராணம் ஏரிக்கரையில் ஆடிப் பதினெட்டாம் பெருக்கன்று தொடங்கி, குடந்தை, பழையாறை, நாகப்பட்டினம், கோடிக்கரை என்று செல்லும் அந்தக் கதையை, அந்த ஊர்களுக்கு நடந்தும் வண்டியிலும் போய் வந்துகொண்டிருந்தவர்கள் வாரந்தோறும் படித்திருக்கிறார்கள். பழையாறை முதன்முதலில் வரும் பக்கத்தின் ஓரத்தில் கர்ணம் பென்சிலால் அந்த ஊரின் தாலுகாவையும், தம் ஊரிலிருந்து போக வேண்டிய வழியையும் குறித்து வைத்திருக்கிறார். சோழர் காலக் கதையைப் படிக்கும்போதும் அவர் வரைபடத்தை மறக்கவில்லை.

எவற்றைக் கிழித்தார்கள் என்பதைப் போலவே, எவற்றைக் கிழிக்காமல் வைத்தார்கள் என்பதும் பார்க்கத்தக்கது. 1948 ஜனவரி 30-க்குப் பிந்தைய வாரங்களில், காந்தியின் மறைவையொட்டி வந்த இதழ்களில் ஒரு தாள் கூட உருவப்படவில்லை. அந்த வாரங்களில் வந்த தொடர்கதைப் பக்கங்கள் பைண்டில் விடுபட்டு, அவற்றுக்குப் பதிலாக ‘இதழில் காண்க’ என்று எழுதிய துண்டுத் தாள் தைக்கப்பட்டிருக்கிறது. 1954 டிசம்பர் 5 அன்று கல்கி மறைந்தபின் வந்த இதழ்களும் அப்படியே முழுமையாக உள்ளன. தீபாவளி மலர்கள் எவையும் தொடப்படவில்லை. விகடனில் சில்பி வரைந்து, தேவன் விளக்கம் எழுதிய ‘தென்னாட்டுச் செல்வங்கள்’ பகுதியின் கோயிற் சிற்ப ஓவியங்கள் மட்டும் விதிவிலக்காக வெட்டி எடுக்கப்பட்டு, நோட்டுப் புத்தகம் ஒன்றில் ஒட்டப்பட்டிருக்கின்றன.

காலத்தைக் கண்டறிந்த முறை

பைண்டு செய்த பக்கங்களில் பெரும்பாலும் தேதி இராது. தேதி அட்டையிலும் முதற் பக்கத்திலும் இருக்கும். இரண்டும் பைண்டுக்குள் வருவதில்லை. பக்கத்தின் தலையிலோ அடியிலோ அச்சிட்டிருந்தாலும், பைண்டர் மூன்று பக்கமும் சீவும்போது அது போய்விடும். ஆகவே, காலம் அறிய வேறு தடயங்களைத் தேட வேண்டியிருந்தது.

முதல் தடயம் அட்டைக்கு உட்புறம் ஒட்டியிருந்த தாள். கர்ணம் தம்மிடம் பிழைபட்டுக் கழிந்த அடங்கல் படிவங்களைப் பைண்டருக்குக் கொடுத்திருக்கிறார். பைண்டர் அவற்றையே உள்தாளாக ஒட்டியிருக்கிறார். அந்தப் படிவங்களின் தலைப்பில் பசலி ஆண்டு எழுதப்பட்டிருக்கிறது. வருவாய்த்துறைக் கணக்கில் பசலி ஆண்டு ஜூலை 1-ஆம் தேதி தொடங்குவது. பசலி எண்ணுடன் 590-ஐக் கூட்டினால் அது தொடங்கும் ஆங்கில ஆண்டு கிடைக்கும். ‘பொன்னியின் செல்வ’னின் முதல் பாகத்துப் பைண்டில் உள்ள படிவம் பசலி 1361, அதாவது 1951 ஜூலை முதல் 1952 ஜூன் வரையிலான ஆண்டுக்குரியது. கடைசிப் பாகத்தில் இருப்பது பசலி 1364. அது 1954 ஜூலையில் தொடங்குகிறது. தொடர் 1954 மே மாதம் முடிந்ததோடு இது பொருந்துகிறது. இதிலிருந்து, ஐந்து பாகங்களும் கடைசியில் ஒரே தடவையாகத் தைக்கப்படவில்லை, ஒவ்வொரு பாகமும் முடிய முடியத் தைக்கப்பட்டிருக்கிறது என்று கொள்ளலாம். ஏன் அப்படிச் செய்தார் என்பதற்கான விடை பின்னர் வருகிறது.

இரண்டாவது, கதைப் பக்கத்தின் மறுபுறம். தலைப்புப் பக்கமே இல்லாத, முதலும் முடிவும் போன ஒரு பைண்டில், கதையின் பின்பக்கமாக அமைந்த ஒரு பல்பொடி விளம்பரத்தில் விலை 2 அணா என்றும், அதன் கீழே 12 ந.பை. என்றும் இரண்டு விதமாகப் போட்டிருந்தது. நயா பைசா 1957 ஏப்ரல் 1 அன்று புழக்கத்துக்கு வந்தது. ‘நயா’ என்ற அடைமொழி 1964 ஜூனில் விடப்பட்டது. எனவே அந்தப் பக்கம் இந்த இடைவெளிக்குள் வர வேண்டும். சில பக்கங்கள் தள்ளி ஒரு குறுக்கெழுத்துப் போட்டியின் கடைசி நாள் ‘ஆகஸ்டு 17, சனிக்கிழமை’ என்று ஆண்டில்லாமல் அச்சிடப்பட்டிருக்கிறது. இந்த இடைவெளியில் ஆகஸ்டு 17 சனிக்கிழமையாக வந்தது 1957-லும் 1963-லும் மட்டுமே. அணாவையும் நயா பைசாவையும் அருகருகே போட வேண்டிய தேவை மக்கள் புதுக் காசுக்குப் பழகாத தொடக்கக் காலத்தில்தான் இருந்தது என்பதால், 1957 என்று கொண்டோம்.

இந்த ஊகத்தை உறுதி செய்தது மூன்றாவது தடயம். எடைக்குப் போடச் சொன்ன தாள் உருவிய இதழ்களில் 1957 ஆகஸ்டு இதழ்களை எடுத்து, எந்தப் பக்க எண்கள் இல்லை என்று பார்த்தோம். பைண்டில் சீவாமல் தப்பிய இரண்டு மூன்று பக்க எண்கள் அந்த இடைவெளியில் சரியாகப் பொருந்தின. நடுப்பக்கமாக இல்லாத தாள்களைக் கர்ணம் பிளேடால் அறுத்து எடுத்திருக்கிறார். இதழில் தங்கிவிட்ட விளிம்பில் இருந்த பாதி எழுத்துகளும், பைண்டின் உள்மடிப்பில் தெரிந்த மீதி எழுத்துகளும் சேர்ந்தபோது சொற்கள் முழுமையாயின. இதற்குமேல் சான்று தேவையில்லை. பைண்டும் அதை ஈன்ற இதழும் ஒரே கூரையின் கீழ் இருந்ததால் மட்டுமே இது முடிந்தது. பைண்டு ஒருவரிடமும், மலர் இன்னொருவரிடமும், மற்றவை காகித ஆலையிலும் போய்ச் சேர்ந்திருந்தால், தலையும் வாலும் இல்லாத அந்தப் பைண்டு கடைசிவரை பெயரில்லாத பழைய கதையாகவே இருந்திருக்கும்.

எழுத்துருவை வைத்துக் காலம் சொல்லலாமே என்று சிலர் கேட்பதுண்டு. றா, ணா, னா ஆகியவையும், லை, ளை, ணை, னை ஆகியவையும் பழைய வடிவில் இருப்பது 1978-இன் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முற்பட்டது என்பதை மட்டுமே காட்டும். இந்தச் சேகரத்தின் காலத்துக்குள் அது உதவாது. சந்தாதாரர் முகவரித் தாளில் அஞ்சல் குறியீட்டு எண் இல்லாததும் அப்படியே. அது 1972-இல்தான் வந்தது.

இரவல் பட்டியல்

பைண்டுகளின் கடைசி உள்தாளில் இரவல் வாங்கியவர்களின் பட்டியல் இருக்கிறது. இடப்புறம் பெயர், அடுத்துத் தெரு, அடுத்துக் கொடுத்த மாதம், வலப்புறம் திரும்பி வந்ததற்கான கோடு. பெயர் சொல்லாமல் ‘மேலத்தெரு டீச்சர் வீடு’, ‘வடக்குத்தெரு மருமகள்’ என்று எழுதிய பதிவுகளும் உண்டு. கணக்குப் புத்தகத்தின் பத்திகளை அப்படியே இங்கும் போட்டிருக்கிறார். அவருடைய மூத்த மருமகள் சொன்னது: “மாமா யாருக்குப் புஸ்தகம் குடுத்தாலும் எழுதி வெச்சுக்கிட்டுத்தான் குடுப்பாங்க தம்பி. திரும்பி வரலேன்னா கேக்க மாட்டாங்க, ஆனா எழுதாம குடுக்க மாட்டாங்க.”

முதல் பாகத்துப் பைண்டில் உள்ள முதற் பதிவு நந்தன வருஷம் ஆவணி. 1952-ஆம் ஆண்டு ஆகஸ்டு-செப்டம்பர். தொடர் அப்போது இதழில் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. இடையில் சேர்ந்துகொண்ட வாசகர்கள், தொடக்கத்தைப் படித்துவிட்டு நடப்பு வாரத்தைப் பிடிப்பதற்காக அந்தப் பைண்டை வாங்கிப் போயிருக்கிறார்கள். பாகம் பாகமாகத் தைத்ததன் காரணம் இதுதான் என்று கருதுகிறேன். ஓர் இதழை எத்தனை பேர் வாங்கினார்கள் என்பது விற்பனைக் கணக்கில் கிடைக்கும். வாங்கியவர் வீட்டிலிருந்து அது எந்தெந்தத் தெருவுக்குப் போயிற்று என்பது இத்தகைய உள்தாள்களில் மட்டுமே கிடைக்கும். பட்டியலில் பெண்கள் வீட்டு உறவைக் கொண்டு குறிக்கப்படுவதும், ஒரே தெருவுக்குள் பைண்டு வீடு மாறி வீடு போனதும், அறுவடை மாதங்களில் இரவல் குறைந்து சித்திரை, வைகாசியில் கூடுவதும் தெரிகின்றன. சேகரத்தில் என் மனத்தை மிகவும் பிடித்தது இந்தப் பட்டியல்தான். சில வியாபாரிகள் உள்தாளைக் கிழித்துவிட்டுப் புதுத் தாள் ஒட்டி, ‘சுத்தமான பிரதி’ என்று விற்பதை நான் பார்த்திருக்கிறேன். பென்சில் எழுத்தை ரப்பரால் அழிப்பவர்களும் உண்டு. இதைச் செய்ய வேண்டாம் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

வைத்த இடமும் தாளின் நிலையும்

ஒரே ஆண்டின் இதழ்கள் மூன்று இடங்களில் இருந்ததால், வைப்பிடம் தாளை என்ன செய்கிறது என்பதை ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது. நிலத்தை விற்றபின் வெறுமையான பத்தாயம், அதாவது நெல் சேமிக்கும் பெரிய மரப்பெட்டி, கூடத்தில் இருந்தது. பைண்டுகளும் மலர்களும் அதில். தாள் உருவிய இதழ்களில் ஒரு பகுதி அடுப்படிக்கு மேலுள்ள பரணில். மற்றவை தகர டிரங்குப் பெட்டியில்.

அந்தக் காலத்துப் பத்திரிகைத்தாள் மரத்தை அப்படியே அரைத்த கூழால் ஆனது. இந்தியாவின் முதல் பத்திரிகைத்தாள் ஆலை நேபாநகரில் 1955-இல்தான் உற்பத்தியைத் தொடங்கியது என்பதால், அதற்கு முந்தையவை இறக்குமதித் தாளில் அச்சானவை. இத்தாளில் தங்கிவிடும் லிக்னின் என்ற மரப்பொருள் ஒளியும் காற்றும் பட்டுப் பழுப்பேறும். உள்ளே அமிலம் பெருகித் தாள் மடிப்பில் ஒடியும். வெப்பம் இதை விரைவுபடுத்தும். பரணில் இருந்தவற்றில் பூச்சி அரிப்பே இல்லை. விறகடுப்புப் புகை அவற்றைக் காப்பாற்றியிருக்கிறது. ஆனால், அடுப்புச் சூட்டில் அவை அப்பளம்போல் நொறுங்குகின்றன. புரட்டுவதற்கே இரு கைகளாலும் தாங்க வேண்டியிருக்கிறது. டிரங்குப் பெட்டியில் அந்துருண்டை போட்டிருந்தும், ஐப்பசி, கார்த்திகை ஈரம் உள்ளே அடைபட்டு, கம்பித் தையல் துருவேறி, துருப்பட்ட இடமெல்லாம் தாள் அரித்துவிட்டது. 1977 நவம்பர் புயலில் ஓடுகள் பறந்தபோது நனைந்த சில மலர்களின் வழவழப்பான ஆர்ட் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பலகையாகிவிட்டன; அவற்றைப் பிரிக்க முயலவில்லை.

பத்தாயத்தில் இருந்தவையே மிக நல்ல நிலையில் இருந்தன. தரையிலிருந்து உயர்ந்த கால்கள், தடித்த பலகை, எலி புகாத மூடி, இருட்டு, இவற்றோடு மரம் ஈரத்தைச் சிறிது உறிஞ்சியும் விட்டும் உள்ளிருக்கும் காற்றை ஏறத்தாழச் சீராக வைத்திருக்கிறது. மூலைகளில் ராமபாணப் பூச்சி அரித்திருந்தாலும், முதுகுப் பகுதியில் அரிப்புக் குறைவு. பூச்சி அண்டாதிருக்கப் பைண்டர் மைதாப் பசையில் மயில்துத்தம் கலந்திருந்ததன் பச்சைச் சாயல் அங்கே தெரிகிறது.

ஆகவே, புதிய இரும்பு பீரோ வாங்கலாம் என்ற யோசனையை விட்டு, பத்தாயத்தையே துடைத்து உலர்த்திப் பயன்படுத்தினோம். துருப்பிடித்த கம்பிகளை நீக்கிப் பருத்தி நூலால் கட்டினோம். ஒவ்வொரு கட்டையும் கஞ்சி போடாத பருத்தித் துணியில் சுற்றி, வசம்புப் பொடி முடிப்பை இடையில் வைத்தோம். தஞ்சை சரசுவதி மகால் நூலகத்தில் வசம்பு, கருஞ்சீரகம், கிராம்பு, மிளகு, பட்டை ஆகியவற்றின் பொடியைக் கற்பூரத்துடன் சுவடிகளுக்கு வைக்கும் வழக்கம் நீண்டகாலமாக இருக்கிறது. லேமினேஷனும் செல்லோடேப்பும் கூடாது என்பதில் விட்டுக்கொடுக்கவில்லை. பிசின் காய்ந்து பழுப்பேறினால் தாளிலிருந்து எடுக்கவே முடியாது.

பிரிப்பதா, சேர்த்து வைப்பதா

பிள்ளைகள் மூவரில் ஒருவர் விற்கவும், ஒருவர் மூவரும் பகிர்ந்துகொள்ளவும் விரும்பினர். சேகரிப்பாளர் ஒருவர், பைண்டுகளைப் பிரித்து அந்தப் பக்கங்களை மீண்டும் இதழ்களில் செருகினால் முழு வரிசை கிடைக்குமே என்றார். தொழில்நுட்பமாக இது சில இதழ்களுக்கு இயலும்; ஆனால் சீவிய பக்கத்தைச் சீவாத இதழில் செருகினால் கிடைப்பது 1957-இன் இதழ் ஆகாது, இன்றைக்கு நாம் செய்த ஒரு பொருள் ஆகும். அந்த வாசகர் செய்த பைண்டும் அதன் இரவல் பட்டியலும் அதற்கு விலையாகப் போய்விடும். முழு வரிசை வேண்டுவோருக்குச் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், புதுக்கோட்டையில் ஞானாலயா போன்ற இடங்கள் இருக்கின்றன. ரோஜா முத்தையா நூலகமே கோட்டையூரில் ஒரு தனிமனிதர் சேர்த்ததைச் சிதறாமல் மொத்தமாக வாங்கியதால் உருவானது என்பதைப் பிள்ளைகளிடம் சொன்னோம். மூன்று வகைகளையும் எதிரெதிரே குறித்த பட்டியலைக் கண்டபின், இளையவர் வீட்டிலேயே மொத்தமும் இருக்கட்டும் என்று மூவரும் ஒப்புக்கொண்டார்கள்.

பக்கங்களை ஒளிநகல் எடுப்பது பாதிக்கு மேல் முடிந்திருக்கிறது. கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமையானவை; ஆனால் ஓவியங்களுக்கு வரைந்தவர் மறைந்த பின்னும் 60 ஆண்டுகள் உரிமை உண்டு என்பதாலும், 2015-இல் மறைந்த கோபுலுவின் படங்கள் அதற்குள் வருவதாலும், நகல்கள் குடும்பத்தின் பாதுகாப்புப் பிரதியாக மட்டுமே இருக்கும். முதுகு விட்டுப்போன மூன்று பைண்டுகள் கும்பகோணத்தில் ஒரு பைண்டரிடம் போக வேண்டியிருக்கிறது. விளிம்பைச் சீவாமலும், பழைய உள்தாளை மாற்றாமலும், கையாலேயே தைத்துத் தர அவர் ஒப்புக்கொண்டிருக்கிறார். மழைக்காலத்தில் பசை உலராது என்பதால், தை பிறந்தபின் ஒவ்வொன்றாகக் கொடுத்து வாங்குவதாக ஏற்பாடு.